யார் சின்னமும் இல்லாத செருப்பு

ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் ஹேமலதா பேட்டர்ன் போடுகிறவள். ஜெர்மனியிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ ஒரு படம் வரும். படத்தில் இருக்கிற செருப்பை எத்தனை துண்டாகப் பிரித்தால் தோல் வீணாகாது, எந்தத் துண்டை எங்கே மடித்துத் தைத்தால் காலில் நிற்கும் என்று யோசித்து, ஒவ்வொன்றையும் அட்டையில் வெட்டிக் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அவள் வெட்டிய அட்டையைத் திருத்த வேண்டியதில்லை என்று கட்டிங் செக்‌ஷனில் பேர் வாங்கியிருந்தாள். ஆனால் அவள் மனதில் தோன்றிய செருப்பு என்று ஒன்று அந்தக் கம்பெனி கேட்டைத் தாண்டி வெளியே போனதே இல்லை. படம் யாருடையதோ. அதில் இருக்கும் பூவும் யாருடையதோ.

அவள் பிறந்தது அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில். சின்ன வயதில் அவளுக்குப் படம் பார்க்கக் கிடைத்த இடமெல்லாம் தெருதான். தேர்தல் வந்தால் சுவருக்கு வெள்ளையடித்துச் சின்னம் எழுத ஆட்கள் வருவார்கள்; சாப்பாட்டை மறந்து அவர்கள் பின்னாலேயே அலைவாள். கரும்பு ஏற்ற வரும் லாரியின் பின்பலகையில் இருக்கும் கழுகையும் தாமரைக் குளத்தையும் பார்த்துக்கொண்டே நின்று ஒருமுறை பள்ளிக்கூட மணியைக் கோட்டைவிட்டாள். டிராயிங் வகுப்பில் எல்லாரும் ஆப்பிள் வரைந்தபோது, புது வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடும் திருஷ்டிப் பூசணியின் முகத்தைக் கோரைப்பல்லோடு வரைந்து அடி வாங்கினாள். பிளஸ் டூ முடித்ததும் ஓவியக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று கேட்டுப் பார்த்தாள். அப்பா, வேலை கிடைக்கிற படிப்பு எது என்று ஊரில் விசாரித்துவிட்டு, ஷூ டெக்னாலஜி டிப்ளமாவில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் விசாரித்தது வீண்போகவில்லை. படிப்பு முடிந்த கையோடு வேலை கிடைத்துவிட்டது.

போன வருடம் கம்பெனி முதலாளி, வெளிநாட்டு ஆர்டரை மட்டும் நம்பினால் சரிப்படாது என்று, உள்நாட்டில் விற்கச் சொந்தமாக ஒரு லேடீஸ் செருப்பு பிராண்டு தொடங்க முடிவு செய்தார். டிசைன் ரூமுக்குத் தலைவர் தபரேஸ். ஆம்பூர்க்காரர், மெல்லப் பேசுகிற மனிதர். அவர் ஹேமலதாவின் மேஜைக்கே வந்து சொன்னார்.

"ஹேமா, இந்த தபா காப்பி கிடையாது. நம்ம ஊர் டிசைனா வேணும்னு மொதலாளி சொல்லிட்டார். தெருவுல, கடையில, திருவிழாவுல நம்ம ஜனங்க பாக்கற விஷயமா இருக்கணும். நீயே போடு."

"நானேவா சார்?"

"பின்ன? உன்ன விட்டா இங்க யாருக்கு கை வரும்?"

அன்று சாயங்காலம் அவள் கம்பெனி பஸ்ஸில் வீடுவரைக்கும் போகவில்லை. ஆம்பூர் பஜாரில் இறங்கி நடந்தாள். அண்டா வாயைச் சிவப்புத் துணியால் சுற்றிக் கட்டியிருந்த பிரியாணிக் கடையின் முன்னால் நின்றாள். ஷேர் ஆட்டோவின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த மயிலிறகைப் பார்த்தாள். தண்ணீர் லாரியில் யாரோ பெயிண்டால் போட்டிருந்த தாமரை, பூக்கடையில் தொங்கிய கல்யாண மாலையின் முடிச்சு, ஒரு வீட்டு இரும்பு கேட்டில் எழுந்து நின்ற சூரியன் எல்லாவற்றையும் போனில் எடுத்துக்கொண்டாள். வழக்கத்தைவிட நேரம் கழித்து வீட்டுக்குப் போனபோது, அவள் கணவன் ஜெயப்பிரகாஷ் சோறு வடித்து இறக்கியிருந்தான். அவனும் வேறொரு ஷூ கம்பெனியில் பாலிஷ் செக்‌ஷனில் இருப்பவன்.

"இன்னா, வாயெல்லாம் பல்லா கீது?" என்றான்.

"எனக்கு வேல குடுத்துட்டாங்க" என்றாள் ஹேமலதா. தினமும் வேலைக்குப் போகிறவள் இப்படிச் சொன்னதும் அவன் சிரித்துவிட்டான். ஆனால் அவள் சொன்னது அவனுக்குப் புரிந்தது.

சிக்கல் அடுத்த வாரமே தொடங்கியது. முதலில் அவள் தாமரை போட்டிருந்தாள், லாரியில் இருந்ததைப் போலவே தடித்த இதழோடு. டிசைன்களைப் பார்க்கத் தபரேஸோடு எச்.ஆர். மேனேஜரும் வந்து உட்கார்ந்தார். எங்கே என்ன பிரச்சினை வரும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதுதான் அந்த மேனேஜரின் வேலை, அதில் அவர் கெட்டிக்காரர்.

"தாமரை வேணாம்மா. கட்சி."

அடுத்த அட்டையை எடுத்து வைத்தாள்.

"சூரியன். இதுவும் கட்சி."

இலை போட்டிருந்தாள். மேனேஜர் எண்ணிப் பார்த்தார். "ரெண்டு இலையா இருக்கே?"

"மூணாக்கித் தர்றேன் சார்."

"மூணு போட்டாலும் ரெண்டுதான் கண்ணுல படும். விடு."

கடைசியாக இருந்தது மாங்காய். வளைந்த மூக்கும், உள்ளே புள்ளிகளுமாக, கிராமத்தில் பட்டுப்புடவை பார்டரில் பார்த்த வடிவம்.

"இது கேக்கவே வேணாம்" என்றார் மேனேஜர். "நம்ம ஜில்லாவுல மாங்கா போட்டா அது பழமா?"

ஹேமலதாவுக்குக் காது சூடாகிவிட்டது. "சார், போன சீசன்ல இங்கிலாந்துக்காரன் இதே வடிவத்த அனுப்பினான். பெய்ஸ்லின்னு பேர் போட்டு அனுப்பினான். நான்தான் அட்டை வெட்டிக் குடுத்தேன். கண்டெய்னர் கண்டெய்னரா போச்சு. அவன் போட்டா பெய்ஸ்லி, நான் போட்டா கட்சியா?"

"அது லண்டன்ல விக்கிறதும்மா. இது குடியாத்தத்துல விக்கணும்."

தபரேஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "விடு ஹேமா, வேற பாரு" என்றார்.

வேறு பார்த்தாள். சாம்பிள் செருப்புகளைத் தைப்பவள் கௌசர். ஹேமலதாவைவிட இளையவள், மெஷினில் உட்கார்ந்தால் நிமிராதவள். பள்ளிவாசல் சுவரில் பார்த்த நீலப் பூ டைல்ஸை ஹேமலதா வரைந்து கொண்டுபோய்க் காட்டியபோது, கௌசர் மெஷினை நிறுத்திவிட்டு அதை வெகுநேரம் பார்த்தாள்.

"ஜோரா கீது ஹேமாக்கா. ஆனா இத நான் தைக்க மாட்டேன். கோச்சுக்காத. எங்க அம்மா பாத்தா இன்னா சொல்லும்?"

அதில் ஹேமலதாவுக்குக் கோபம் வரவில்லை. அட்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். சர்ச் ஜன்னலில் பார்த்த வண்ணக் கண்ணாடி வட்டத்தை வரையவே இல்லை. கோலத்துக்குத்தான் மனதாரச் சண்டை போட்டாள்.

"வாசல்ல போடுற கோலத்த பால்காரர்ல இருந்து நாய் வரைக்கும் எல்லாம் மிதிக்குது சார். அதுக்குத்தான் தரையிலயே போடுறோம்."

"மிதிக்கறது வேற, மிதியடியில போடறது வேற" என்றார் மேனேஜர்.

பூ, இலை, பழம், தெய்வம் எதுவும் வேண்டாம், வெறும் பட்டை போடலாம் என்று இரண்டு நிறத் தோலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்னிப் பார்த்தாள். ஒரு ஜோடி நிறம் ஒரு கட்சியின் கரைவேட்டி என்றார்கள். இன்னொரு ஜோடி ஒரு சாதிச் சங்கத்தின் கொடி என்றார்கள். மூன்றாவதைப் பார்த்துவிட்டு மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இத ஊருக்குள்ள போட்டுட்டு போனா அடிதடி ஆயிடும்மா, தெரிஞ்சுதான் போட்டியா?"

அவளுக்குத் தெரியாது. நெடுஞ்சாலைக் கொடிக்கம்பத்தில் அந்த நிறங்களைத் தினமும் பார்த்திருக்கிறாள். பளிச்சென்று இருக்கிறதே என்று மட்டும்தான் தோன்றியிருந்தது.

சித்திரை முடிகிற சமயம் அவள் பிறந்த ஊரில் திரௌபதி அம்மனுக்குப் பாரதத் திருவிழா வந்தது. அண்ணன் மூர்த்தி விழாக் குழுவில் இருந்தான். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். கோயிலுக்கு எதிரே களத்து மேட்டில் துரியோதனனைப் படுக்க வைத்திருந்தார்கள். முழுக்கக் களிமண். ஒரு வீட்டு நீளம் இருப்பான். மல்லாந்து படுத்து, முட்டைக்கண்ணை உருட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு, மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டிருந்தான். சின்னதிலிருந்து பார்த்தவள்தான். ஆனால் இந்த முறை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மார்பில் இருந்த பதக்கத்தைப் பார்த்தாள். மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய இதழ்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் சுண்ணாம்புக் கோடு, நடுவில் செம்மண் சிவப்பு, அதைச் சுற்றி மஞ்சள். தோள்மேல் இறக்கைபோல விரிந்த புஜக்கட்டை. கூத்துக்காரர்கள் மரத்தில் செய்து கட்டுவதை இங்கே மண்ணில் பிதுக்கி எடுத்திருந்தார்கள். தோலை அடுக்கடுக்காக வைத்துத் தைத்தால் இதே மாதிரி வரும் என்று அவள் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் பீமன் வந்து தொடையை அடித்துப் பிளந்து, உள்ளே வைத்திருந்த குடத்திலிருந்து சிவப்புத் தண்ணீர் பீறிட்டபோது, ஊரே ஆரவாரம் செய்தது. அவள் அப்போதும் பதக்கத்தைத்தான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆம்பூருக்குத் திரும்பியதும் அந்தச் செருப்பைச் செய்தாள். இவ்வளவு வேகமாக அவள் அட்டை வெட்டி யாரும் பார்த்ததில்லை. செதில் செதிலாகச் சிவப்பும் மஞ்சளும், ஓரத்தில் வெள்ளை நூல். கௌசர் மதிய சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தைத்தாள். முடித்ததும் இருவரும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"அக்கா, இது செருப்பு மாதிரியே இல்ல" என்றாள் கௌசர். "நகை மாதிரி கீது."

தபரேஸ் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கிருந்து எடுத்தது என்று கேட்டார். சொன்னாள். "துரியோதனன் கடவுள் இல்லையே?" என்று கேட்டார். "இல்ல சார், கெட்டவன்தான்" என்றாள். அவர் முகம் மலர்ந்தது. முதலாளிக்குக் காட்டுவதாகச் சொன்னார்.

அந்தச் சந்தோஷத்தில் ஹேமலதா ஒரு காரியம் செய்தாள். மண் துரியோதனனின் போட்டோவையும் செருப்பின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "என் டிசைன்" என்று எழுதி, வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் மூர்த்தியின் பைக் வாசலில் வந்து நின்றது. பின்னால் அம்மா மீனாம்பாள். இறங்கியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவருகிலேயே நின்றாள்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க?"

"உள்ள வாம்மா மொதல்ல."

"வர்றது இருக்கட்டும். அம்மன் களத்துல கீற பதக்கத்த கொண்டாந்து கால்ல போடுவியா?"

"அவன் இன்னா சாமியாம்மா? நீயே பாரதம் கேட்டுட்டு வந்து அவன எவ்ளோ திட்டுவ? கடைசி நாளு தொடைய ஒடைக்கிறோம், எல்லாரும் கை தட்டுறோம்."

"ஒடைக்கிறோம். ஒடைச்ச பிறகு அந்த மண்ண முந்தானையில முடிஞ்சுட்டு வந்து நெல்லுல போட்டு வெக்கறமா இல்லியா? சொல்லு."

சின்ன வயதில் அந்த மண்ணை ஓடிப்போய் அள்ளி வந்தவளே ஹேமலதாதான்.

மூர்த்தி போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "குரூப்புல பாரு. காறித் துப்புறானுங்க. உன் தங்கச்சி துரியோதனனுக்கு செருப்பு தெச்சாளா, செருப்புக்கு துரியோதனன தெச்சாளான்னு கேக்கறானுங்க. வர்ற வருசம் நான் எப்பிடி போய் விழாக் குழுவுல உக்காருவேன்?"

"நீ அந்த செருப்ப பாத்தியாண்ணா? நல்லா இருக்கா இல்லியா, அத சொல்லு."

"நல்லா கீது. அதான் பேஜாரு" என்றான் மூர்த்தி. கோபத்தில் சொன்னானோ, உண்மையாகச் சொன்னானோ, தெரியவில்லை. அம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் பைக்கில் ஏறிப் போய்விட்டாள். ஜெயப்பிரகாஷ் டீ கிளாஸ்களைக் கையில் வைத்துக்கொண்டு நடுவீட்டில் நின்றான்.

"ஸ்டேட்டஸ்ல போடாம இருந்திருக்கலாம்" என்றான் மெதுவாக.

"போடாம பெட்டிக்குள்ள வெச்சுக்கவா செஞ்சேன்?" என்று அவன்மேல் விழுந்தாள். அவன் பாவம், டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

திங்கட்கிழமை கம்பெனிக்கு யாரோ போன் செய்திருந்தார்கள். யார் என்று எச்.ஆர். மேனேஜர் சொல்லவில்லை. "கேட்டுக்கு முன்னால வந்து உக்காந்துட்டாங்கன்னா நான் இன்னா பண்றது?" என்றார். சாம்பிளை வெட்டிப் போட்டுவிட வேண்டும், போட்டோ எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்று முடிவானது. கௌசர் வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தபரேஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஹேமலதாவே தன் அட்டை வெட்டும் கத்தியால் செதில் செதிலாக அறுத்தாள். தைத்தது நல்ல தையல். சுலபத்தில் அறுபடவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு வரையவே பிடிக்கவில்லை. தெருவில் நடந்தால் முன்பு அழகாகத் தெரிந்ததெல்லாம் இப்போது யாருடையது என்றுதான் தெரிந்தது. சுவரைப் பார்த்தால் ரிசர்வ் என்று ஒரு கட்சி எழுதி வைத்திருந்தது. மரத்தைப் பார்த்தால் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. கல்லைப் பார்த்தால் குங்குமம் வைத்திருந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் தபரேஸிடம் கேட்டே விட்டாள்.

"சார், இந்த ஊர்ல யாருக்கும் சொந்தமில்லாதது ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. அத வரைஞ்சு குடுக்கறேன்."

தபரேஸ் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். "பாலாறு?" என்றார் கடைசியில்.

"அதுல கோடு போட்டா வெறும் மணல்தான் சார் வரும்."

இருவருமே சிரித்தார்கள். ஆனால் வேலை நடக்கவில்லை. முதலாளியிடமிருந்து கேட்டுக் கேட்டு ஆள் வந்தது. வெளியூர் டிசைனர் ஒருவரை வைத்துக்கொள்ளலாமா என்று பேச்சு அடிபடுவதாகக் கௌசர் வந்து காதில் சொன்னாள்.

ரேஷன் கடையில் பருப்பு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஹேமலதா ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள். கைரேகை மெஷின் வேலை செய்யவில்லை. சர்வர் வரட்டும் என்று கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். வரிசை சுவரோரமாக நீண்டு நின்றது. கடை வராந்தாவில் காற்றுக்காக விட்ட சிமெண்ட் ஜாலிச் சுவர். அதுதான் எல்லா ஊரிலும் பள்ளிக்கூடத்திலும் பஞ்சாயத்து ஆபீஸிலும் மாடிப்படியிலும் வைத்திருப்பார்களே, நாலு இதழ் ஓட்டை போட்ட கட்டம், அந்த ஜாலி. ஹேமலதா எரிச்சலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வெயில் ஏறியது. ஜாலியின் ஓட்டைகள் வழியாக வந்த வெளிச்சம் மெல்ல நகர்ந்து, வரிசையில் நின்ற பெண்களின் காலில் விழுந்தது. வெடித்த குதிகாலில், மெட்டி போட்ட விரலில், ரப்பர் செருப்பின் வாரில், நாலு இதழ் நாலு இதழாக ஒரே பூ. யாரோ எல்லார் காலுக்கும் ஒரே செருப்பைப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

ஹேமலதா குனிந்து முன்னால் நின்றவளின் காலைப் போட்டோ எடுத்தாள்.

"இன்னாத்துக்கும்மா என் கால போட்டோ புடிக்கிற?" என்று அந்த அம்மாள் காலை இழுத்துக்கொண்டாள்.

"ஆட்டாத, ஆட்டாத. ஒரு நிமிசம்" என்று கெஞ்சினாள் ஹேமலதா. சர்வர் வந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் அவளைத் தாண்டிப் போய்ப் பருப்பு வாங்கினார்கள். அவள் முறை வந்தபோது மூட்டை தீர்ந்துவிட்டது.

இந்த முறை செருப்பின்மேல் எதையும் ஒட்டவில்லை, அடுக்கவில்லை. அகலமான வாரில் ஜாலியின் நாலு இதழை ஓட்டையாகவே வெட்டினாள். போட்டு நடந்தால் ஓட்டை வழியாகக் காலின் தோலே பூவாகத் தெரியும். வெயிலில் நின்றால் வெளிச்சம் உள்ளே விழும். வெட்டிய ஓரம் கிழியாமல் இருக்க மெல்லிய தோலை உள்பக்கம் வைத்துக் கௌசர் தைத்துக் கொடுத்தாள். நாலைந்து முறை பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

எச்.ஆர். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது சிலுவையா?"

"இல்ல சார். இதழ்."

"நட்சத்திரமா?"

"இல்ல சார். ஜாலி. ரேஷன் கட ஜாலி."

"யாரோடது?"

"யாரோடதும் இல்ல சார். காத்துக்காக வெச்சது."

அவர் அதில் குற்றம் தேடித் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அவருக்கே அது கொஞ்சம் வருத்தம்போல இருந்தது. தபரேஸ் மேஜையைத் தட்டி, "ஓடும்மா, இது ஓடும்" என்றார். முதலாளிக்கும் பிடித்துவிட்டது. கறுப்பு, பழுப்பு, கடுகு மஞ்சள் என்று தனித்தனி நிறத்தில் தயாரானது. லைனில் ஜாலி வாரை அடுக்கி வைத்திருந்ததைப் பார்க்க ஹேமலதா காரணமில்லாமல் அந்தப் பக்கம் போய்வந்தாள்.

அந்தச் சந்தோஷம் அட்டைப்பெட்டி வரும்வரைக்கும்தான். விளம்பர வேலையைப் பெங்களூரில் ஒரு ஏஜென்சிக்குக் கொடுத்திருந்தார்கள். பெட்டிகள் லாரியில் வந்து இறங்கின. மூடிமேல் பாலைவனம், ஒட்டகம், ஒரு வளைவு வாசல். கீழே தங்க எழுத்தில் "மொராக்கோ கலெக்‌ஷன்".

ஹேமலதா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே தபரேஸின் மேஜைக்குப் போனாள்.

"இன்னா சார் இது?"

"பாத்தேன்மா. அவங்க செருப்ப பாத்ததுமே மொராக்கோ ஸ்டைல்னு சொல்லிட்டாங்களாம்."

"மொராக்கோ எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. இது எங்க தெரு ரேஷன் கட சார். நம்ம ஊர் டிசைன்தானே கேட்டீங்க?"

"ரேஷன் கடைன்னு பேர் வெச்சா யாரும்மா வாங்குவா?"

"ஜாலின்னு வெய்ங்க. ஆம்பூர்னு வெய்ங்க. காத்துன்னு வெய்ங்க. ஒட்டகம் எதுக்கு சார்? இந்த ஜில்லாவுல நீங்க ஒட்டகம் பாத்திருக்கீங்களா?"

"பக்ரீத்துக்கு பாத்திருக்கேன்" என்றார் தபரேஸ். அவள் முகத்தைப் பார்த்ததும் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் கேட்டுப் பாத்தேன் ஹேமா. நிஜமா கேட்டேன். பெட்டி அடிச்சாச்சு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க."

பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். கௌசர் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தாள். சாப்பிடப் பிடிக்கவில்லை. துரியோதனனை வெட்டிய அன்றுகூட இவ்வளவு எரியவில்லை. அவனைத் தன்னுடையவன் என்று சொல்லிச் சண்டைக்கு வர ஓர் ஊர் இருந்தது. இந்த ஜாலிக்காக யாரும் வரப்போவதில்லை. யாருடையதாகவும் இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள், அதனாலேயே எவன் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மொராக்கோ நன்றாக ஓடியது. வேலூரிலும் திருப்பத்தூரிலும் கடைகளில் தொங்கியது. ஏலகிரிக்கு டூர் வரும் பெண்கள் கேட்டு வாங்குவதாக ஒரு கடைக்காரர் சொன்னாராம்.

ஆவணியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்காக மீனாம்பாள் ஆம்பூர் வந்தாள். துரியோதனன் சண்டைக்குப் பிறகு அன்றுதான் மகள் வீட்டுப் படி ஏறினாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினார்கள், மூர்த்தி மாடு வாங்கியதைப் பற்றிப் பேசினார்கள். ஹேமலதா எழுந்து போய் ஒரு ஜோடி செருப்பைப் பெட்டி இல்லாமல் எடுத்து வந்து அம்மா முன்னால் வைத்தாள்.

மீனாம்பாள் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"நம்மூரு ரேஷன் கட ஜன்னல் மாதிரி கீது?"

ஹேமலதா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆமாம்மா. அதுதான். ரேஷன் கடதான்."

"சாமி கீமி எதுவும் இல்லியே?"

"இல்லம்மா."

"அப்ப நல்லா கீது" என்று சொல்லி மீனாம்பாள் காலை நுழைத்தாள். விரல்கள் வாருக்குள் போயின. அதற்கு மேல் போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். வயலில் நாற்று நட்டு, வரப்பில் நடந்து, விரல் விரலாக விரிந்து போன கால். வார் ஓரத்தில் சதை பிதுங்கியதுதான் மிச்சம். ஹேமலதா குனிந்து கொக்கியைத் தளர்த்திப் பார்த்தாள். பெரிய சைஸ்தான் எடுத்து வந்திருந்தாள். நீளம் சரியாக இருந்தது. அகலம் போதவில்லை. கம்பெனியில் செருப்பை மாட்டி இழுத்துச் செய்கிற கால் அச்சுகள் எல்லாம் வெளிநாட்டு ஆர்டருக்காக வாங்கியவை. அந்த நாட்டுப் பெண்களின் ஒடுக்கமான காலுக்கு உண்டான அளவு. எத்தனையோ வருடமாக அந்த அச்சைக் கையில் பிடித்து வேலை செய்தவளுக்கு அது ஒருநாளும் உறைக்கவில்லை.

மீனாம்பாள் காலை வெளியே எடுத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"யாரு காலுக்குடி செஞ்ச இத?" என்றாள். குத்திக் காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

ஹேமலதா உள்ளே போனாள். பழைய நியூஸ்பேப்பர் ஒன்றைக் கொண்டு வந்து தரையில் விரித்தாள்.

"கால வைம்மா."

"எதுக்கு?"

"வையேன்."

அம்மாவின் காலைச் சுற்றிப் பேனாவால் கோடு இழுத்தாள். சுண்டுவிரல் பக்கம் கோடு தாளை விட்டு வெளியே போகப் பார்த்தது. மீனாம்பாளுக்குக் கூச்சம். "அய்ய, விடுடி" என்று நெளிந்தாள். ஹேமலதா காலைப் பிடித்து அழுத்தி வைத்துக்கொண்டு முழுவதும் வரைந்து முடித்தாள்.

மறுநாள் அந்தத் தாளைத் தபரேஸின் மேஜையில் விரித்தாள். அவர் தன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"உங்க அம்மா காலா?"

"எங்க அம்மா கால். ரேஷன் வரிசையில நின்னவங்க எல்லாருடைய காலும் இப்பிடித்தான் சார். நம்ம ஊர்ல விக்கணும்னா அச்ச மாத்தணும்."

"புது அச்சு செய்யறதுன்னா பெரிய வேல ஹேமா. மொதலாளிகிட்ட பேசணும். அடுத்த சீசன் பாக்கலாம்."

அடுத்த சீசன் என்றால் எப்போது என்று அவள் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு வாய் அலுத்துவிட்டது. அவர் ஏமாற்றுகிற மனிதரும் இல்லை. அவர் கையிலும் ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் கோபத்தை யார்மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை.

"அது இருக்கட்டும்" என்றார் தபரேஸ், தயங்கித் தயங்கி. "பெங்களூர்ல இருந்து மெயில் வந்திருக்கு. மொராக்கோ நல்லா போவுதாம். இன்னும் ரெண்டு மூணு மொராக்கோ வேணுமாம்."

ஹேமலதா தாளை மடித்து எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். சாயங்காலம் கம்பெனி பஸ் பஜாரில் நின்றபோது இறங்கினாள். மேம்பாலத்துக்குக் கீழே, தூசியில், ஹாரன் சத்தத்தில், மனதுக்குள் எல்லாரையும் திட்டிக்கொண்டே நடந்தாள். ஒரு பழைய சைக்கிள் கடையின் ஷட்டரில் துரு பிடித்த இடத்தில் ஏதோ ஒரு வடிவம் வந்திருந்தது. தாண்டிப் போனவள், நாலு எட்டு தள்ளி நின்று, எரிச்சலோடு திரும்பி வந்து அதைப் பார்த்தாள்.